முதலில் சீப்பு, பிறகு பூனை

பெர்ஷியன் பூனை வாங்கலாம் என்றிருக்கிறேன், எந்த நிறம் நல்லது என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் இப்போது அதிகம். உட்காருங்கள், காபி குடியுங்கள் என்பேன். காபி முடிவதற்குள் பாதிப் பேர் எண்ணத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதுவும் நல்லதுதான். மீதிப் பேருக்காக இதை எழுதிவைக்கிறேன்.

1. வாங்கப்போவது எதை என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயரில்தான் பாரசீகம் இருக்கிறது. பியட்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி 1620-இல் இஸ்பகானிலிருந்து எழுதிய கடிதத்தில், குராசான் பகுதியின் நீண்ட சாம்பல் நிற முடியுள்ள பூனைகளை வியந்து வர்ணித்திருக்கிறார். சில ஜோடிகளை ரோமுக்குக் கொண்டுபோகவும் ஆசைப்பட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் துருக்கியின் அங்காராவிலிருந்து நீள்முடிப் பூனைகள் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு வகையும் ஐரோப்பிய வீடுகளில் ஒன்றோடொன்று கலந்தன, அங்கிருந்த ஊர்ப் பூனைகளோடும் கலந்தன. 2008-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, இன்றைய பெர்ஷியனை மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் சேர்த்தது. ஆகவே உங்கள் மடிக்கு வரப்போவது ஷாவின் அரண்மனைப் பூனை அல்ல. விக்டோரியா காலத்து லண்டன்காரர்கள் பார்த்துப் பார்த்து உருவாக்கியது.

அந்த வேலை மும்முரமானது 1871 ஜூலை 13-க்குப் பிறகு. ஹாரிசன் வியர் என்ற ஓவியர் அன்றைக்கு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஒரு பெரிய பூனைக் கண்காட்சியை நடத்தினார். பிற்பாடு வந்த கண்காட்சிகளுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி. விக்டோரியா அரசியே நீல நிறப் பெர்ஷியன்களை வைத்திருந்ததால் பெரிய வீட்டுக்காரர்களுக்கும் மோகம் பற்றிக்கொண்டது. 1887-இல் நேஷனல் கேட் கிளப் தொடங்கியபோது வியர்தான் முதல் தலைவர். ஆனால் உறுப்பினர்களுக்குப் பூனையின் நலத்தைவிடப் பரிசின்மேல்தான் கண் என்று மனம் கசந்து அதிலிருந்து விலகிவிட்டார். போட்டியை ஆரம்பித்து வைத்த மனிதரே இப்படி ஒதுங்கிப்போனார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

2. மூக்கு உள்ள பூனையை வாங்குங்கள். சிரிக்காதீர்கள், இதுதான் நான் சொல்வதிலேயே முக்கியமானது. நூறு வருடத்துக்கு முந்தைய புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். உருண்டை முகம், குட்டையான மூக்கு, ஆனால் மூக்கு இருக்கும். அமெரிக்காவில் சிவப்புப் பெர்ஷியன்களில் சில, பீக்கிங்கீஸ் நாயைப் போல அமுங்கிய முகத்தோடு பிறந்தன. 'பீக் ஃபேஸ்' என்று அவற்றுக்குத் தனிப் பெயரே வந்தது. பிறகு மற்ற நிறங்களிலும் மூக்கைக் குறைத்துக் குறைத்து, பக்கவாட்டில் பார்த்தால் நெற்றியும் மூக்கும் மோவாயும் ஒரே கோட்டில் நிற்கும் முகத்துக்கு வந்துவிட்டார்கள்.

அமெரிக்கச் சங்கமான சி.எஃப்.ஏ.வின் மதிப்பெண் பட்டியலில் பெர்ஷியனுக்கு நூற்றுக்கு 30 மதிப்பெண் தலைக்கு. எல்லோரும் மயங்குகிற அந்த முடிக்கு 10 மட்டுமே. எதற்கு மதிப்பெண் கூடுதலோ அதைத்தான் வளர்ப்பவர்கள் கூட்டிக்கொண்டே போவார்கள். இங்கிலாந்துச் சங்கமான ஜி.சி.சி.எஃப். கொஞ்சம் கடிவாளம் போட்டது: மூக்கின் மேல்விளிம்பு கண்ணின் கீழ் இமையைத் தாண்டி மேலே போகக் கூடாது. ஜெர்மனியில் விலங்குக்கு வேதனை தரும் இனப்பெருக்கத்தைத் தடுக்கும் சட்டமே இருக்கிறது.

நம் ஊர் வியாபாரிகள் டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச், எக்ஸ்ட்ரீம் பஞ்ச் என்று தரம் பிரிப்பார்கள். மூக்கு குறையக் குறைய விலை ஏறும். முகம் அமுங்கும்போது உள்ளே இருப்பவையும் சேர்ந்து நெரிபடுகின்றன. மூச்சுத் துவாரம் குறுகும், கண்ணீர்க் குழாய் வளைந்து அடைபடும், பல் வரிசை கோணும், துருத்திய கண்ணின் கருவிழியில் புண் வரும். குட்டிகளின் பெரிய தலையால் தாய்க்குப் பிரசவம் சிக்கலாகும். தட்டையான முகத்தால் தீவனத்தைக் கவ்வ முடியாமல், பல பெர்ஷியன்கள் நாக்கின் அடிப்பக்கத்தால் அள்ளித் தின்னும், கவனித்துப் பாருங்கள். குறட்டை விடுகிறது, எவ்வளவு அழகு என்று வீடியோ போடுகிறார்கள். அது மூச்சுக்குப் போராடுகிறது, ஐயா. விலை குறைவான டால் ஃபேஸ்தான் உங்களுக்கு லாபம், பூனைக்கும் லாபம்.

3. முடி நீளத்தை வைத்து வம்சத்தை முடிவு செய்யாதீர்கள். நீள்முடிக்குக் காரணம் எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். அது ஒடுங்கு பண்பு, தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் முடி நீளும். பெர்ஷியனையும் தெருப்பூனையையும் சேர்த்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் குட்டை முடியாகவே பிறக்கும். அந்தக் குட்டிகளை மறுபடி பெர்ஷியனோடு சேர்த்தால் நீள்முடி திரும்பிவிடும், 'ஒரிஜினல்' என்று விற்பனைக்கும் வந்துவிடும். கலப்புப் பூனை மட்டம் என்று நான் சொல்லவில்லை. பல நேரம் ஆரோக்கியத்தில் அதுதான் மேல். ஒரிஜினல் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். வம்சம் வேண்டுமென்றால் பதிவுச் சங்கத்தின் சான்றிதழைக் கேளுங்கள். 'ட்ரிபிள் கோட்', அதாவது மூன்று அடுக்கு முடி என்கிற பேச்சுக்கும் காசு தராதீர்கள்.

4. குட்டியைப் பார்க்கப் போனால் தாயையும் பாருங்கள். தாயைக் காட்ட மறுக்கிற இடத்தில் வாங்கவே வேண்டாம். பன்னிரண்டு வாரம் ஆகாத குட்டியைப் பிரித்துக் கொண்டுவராதீர்கள். காதோரத்திலும் வாலிலும் வட்டவட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரையாக இருக்கும். பெர்ஷியன்களிடம் அது சகஜம், வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். முடி இவ்வளவு அடர்த்தியாக இருப்பதால் லேசில் வெளியேயும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று சிறுநீரகக் கட்டி. பி.கே.டி. என்பார்கள். பிறவியிலேயே நுண்ணிய நீர்க்கட்டிகள் இருக்கும். வருடம் ஏற ஏற அவை பெருத்து, நடுவயதில் சிறுநீரகத்தை முடக்கிவிடும். இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2004-இல் கண்டுபிடித்தார்கள். அப்போது பெர்ஷியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சுமந்துகொண்டிருந்தன. இது ஓங்கு பண்பு, ஒரு பெற்றோரிடம் இருந்தாலே குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு வந்துவிடும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துச் செய்கிற சோதனை போதும். தாய், கடுவன் இரண்டின் சோதனை முடிவையும் கேளுங்கள். கேட்டதுமே விற்பவரின் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. நிறம். சரி, கேட்டதால் சொல்கிறேன். நீலம் என்பது சாம்பல்தான். சின்சிலா என்பது வெள்ளை முடியின் நுனியில் மட்டும் கருமை தொட்டது. கண்ணோரம் மை தீட்டிய மாதிரி இருக்கும், எனக்குப் பிடித்தது அதுதான். முகமும் காதும் காலும் வாலும் மட்டும் கறுத்திருப்பது ஹிமாலயன். இமயமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1930-களில் ஹார்வர்டில் சயாமியையும் பெர்ஷியனையும் சேர்த்துப் பரம்பரைப் பண்புகளை ஆராய்ந்தபோது உருவான வழி அது. அதன் நிறம் உடற்சூட்டைப் பொறுத்தது, உடம்பில் குளிர்ந்த இடங்கள்தான் கறுக்கும். நீலக்கண் வெள்ளைப் பூனை வாங்குகிறவர்கள் மட்டும் அதன் பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். அவற்றில் பிறவிச் செவிடு அதிகம்.

6. தினமும் சீவ வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. இந்த முடி பத்து சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். உள்ளே பஞ்சான அடிமுடி உதிரும்போது கீழே விழாமல் மேல்முடியில் மாட்டிக்கொள்ளும். காட்டில் இப்படி ஒரு முடியோடு எந்தப் பூனையும் பிழைத்திருக்காது, தன் நாக்கால் மட்டும் இதைப் பராமரிக்க முடியாது. இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர்களிடம் வந்த 3,235 பெர்ஷியன்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். முதலிடம் பிடித்த தொல்லை முடிதான், பல் நோய்கூட அடுத்துத்தான்.

பற்கள் அகலமான எஃகுச் சீப்பு ஒன்று, நெருக்கமானது ஒன்று வாங்குங்கள். மேலோட்டமாகப் பிரஷ் போட்டால் வெளியே பளபளக்கும், அடியில் சிக்கு கட்டிக்கொண்டே இருக்கும். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தோல் தெரியும்வரை சீவுங்கள். காதின் பின்புறம், அக்குள், வயிறு, பின்தொடை ஆகிய நான்கு இடங்களைத் தவறவிடாதீர்கள். சிக்கு கண்டால் விரலால் மெல்லப் பிரியுங்கள். கத்தரிக்கோல் மட்டும் வேண்டாம். பூனையின் தோல் மெலிது, சிக்கோடு சேர்ந்து மேலே இழுபட்டு வரும், தோலும் அறுபடும். பிரியாத சிக்குக்கு மருத்துவரிடமோ, தெரிந்த குரூமரிடமோ போய் மெஷின் போட்டு எடுத்துவிடுங்கள். குட்டி வந்த முதல் வாரமே சீப்பைப் பழக்குங்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும். வளர்ந்த பூனைக்குப் புதிதாகப் பழக்குவது பெரும் பாடு.

7. குளிப்பாட்டும் முன் சீவிவிடுங்கள். நனைந்த சணல் முடிச்சு இறுகுவது போலச் சிக்கு இறுகிப்போகும். பூனைக்கான ஷாம்பூ, வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு அடிவரை உலர்த்தல். பாதி உலர விட்டால் பூஞ்சை வரும். வால் அடியில் உள்ள முடியைக் குறுக வெட்டச் சொல்லுங்கள், கழிவு ஒட்டாது.

8. கண்ணைத் தினமும் ஈரப் பஞ்சால் துடையுங்கள், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பழுப்புக் கறை வழக்கமானது. ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

9. நம் வெயில். சித்திரை, வைகாசியில் சென்னையிலோ மதுரையிலோ மதியம் பூட்டிய அறையில் இந்தப் பூனையை விட்டுவிட்டு வேலைக்குப் போகக் கூடாது. மூக்கு குட்டை, முடி அடர்த்தி, வெப்பத்தை வெளியேற்ற வழி குறைவு. நாய் வாயைத் திறந்து இளைப்பது இயல்பு. பூனை அப்படி இளைத்தால் அவசரம். காற்றோட்டம், குளிர்ந்த தரை, இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர், முடிந்தால் ஏ.சி. வயிற்று முடியைக் குறைப்பதில் தவறில்லை. ஏ.சி. பில்லுக்கு அஞ்சுகிறவர் ஊர்ப் பூனை ஒன்றை எடுத்து வளர்க்கலாம். அதுவும் மடியில்தான் படுக்கும், சீவச் சொல்லிக் கேட்காது.

10. சைவ வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தயிர்சாதத்தில் பூனை வாழாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது, இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வர வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும். இதயத் தசை தளர்ந்துவிடும் என்பதையும் 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகுதான் தீவனக் கம்பெனிகள் அளவைக் கூட்டின. நல்ல பூனைத் தீவனத்தைக் கொடுங்கள், கொஞ்சம் ஈரத் தீவனமும் சேருங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு மீன் கூடாது.

11. காய்ச்சல் போலிருக்கிறது என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் வழி பூனையின் ஈரலில் போதுமானதாக இல்லை. ஒரே ஒரு மாத்திரை ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக்கிக் கொன்றுவிடும். நாய்களுக்கு உண்ணி மருந்தாகத் தடவும் பெர்மெத்ரினும் அப்படியே. பூங்கொத்தில் வரும் லில்லி, சிறுநீரகத்துக்கு நஞ்சு. கடுவன் பூனை மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வளர்ந்த பூனை இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் ஈரல் கெடும்.

12. குணம் கேட்டீர்களானால், சாது. குரல் மெலிது, அலமாரி உச்சிக்குத் தாவுவது குறைவு, தரையிலேயே படுத்துக் கிடக்கும். தனிமையைக் கொஞ்சம் தாங்கும், இரைச்சலைத் தாங்காது. தெருவில் பிழைக்கும் சாமர்த்தியம் கிடையாது. அதனால் வீட்டுக்குள்ளேயே வையுங்கள், பால்கனிக்கு வலை போடுங்கள். மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வில் சராசரி ஆயுள் 13.5 வருடம் என்று வந்தது. இப்போது கல்லூரியில் படிக்கிற பெண் வாங்கினால், அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் யாராவது தினம் சீவ வேண்டியிருக்கும். அந்த 'யாராவது' பெரும்பாலும் அம்மாதான். வாங்கும் முன் அம்மாவைக் கேளுங்கள்.

13. குட்டி போட்டு விற்கலாம் என்ற கணக்கோடு வராதீர்கள். பூனைகளுக்கும் ரத்த வகை உண்டு. பி வகைத் தாய்க்கு ஏ வகைக் குட்டிகள் பிறந்தால் முதல் சீம்பாலே குட்டிகளைக் கொல்லும். பெர்ஷியன்களில் பி வகை அபூர்வமல்ல. பெரிய தலைக் குட்டி பிரசவத்தில் மாட்டினால் நடுராத்திரியில் சிசேரியன். ரத்தச் சோதனை, சிறுநீரகச் சோதனை, தாய்க்கு ஓய்வு என்று ஒழுங்காகச் செய்தால் லாபம் மிஞ்சாது. மிஞ்சுகிறது என்று யாராவது சொன்னால் இவற்றில் எதையோ செய்யாமல் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஐந்து, ஆறு மாதம் ஆனதும் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்டு வையுங்கள். அன்றைக்கே மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றுச் சிக்கையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.