ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் பத்து டிகிரி கணக்கும்



காரைக்குடி ரோட்டில் இப்போ ஆட்டோமேட்டிக் பிக்கப் டிரக்குகள் அங்கங்கே கண்ணில் படுது. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் மாதிரி வண்டிகள். கல்ஃப்ல இதே வண்டிகளை ஓட்டிட்டு ஊர் திரும்பின அண்ணன்மார் நம்ம பக்கம் நிறைய பேர் உண்டு. அவங்ககிட்ட கேட்டா ஒரு விஷயத்தை ஒரே குரலில் சொல்வாங்க: "எஞ்சின் தாங்கிரும் தம்பி, கியர்பாக்ஸைத்தான் பாத்துக்கணும்." ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒருமுறை போயிட்டா செலவு ஆயிரங்களில் நிற்காது, லட்சக் கணக்குக்குப் போயிரும். வண்டியை நம்பி தொழில் செய்யற குடும்பத்துக்கு அது சின்ன அடி இல்லை.

அது ஏன் போகுது? போகாம இருக்க என்ன செய்யணும்? மூன்றாம் செமஸ்டரில் படித்த தெர்மோடைனமிக்ஸும் முதல் வருஷ கெமிஸ்ட்ரியும் இருந்தால் போதும், இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாங்க, ஆரம்பிப்போம்.

முதலில் எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாமே ஒரே வகை கிடையாது. சின்ன கார்களிலும் சில லாரிகளிலும் வரும் ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம்ம கால் செய்யும் வேலையை அங்கே ஒரு ஆக்சுவேட்டர் செய்யுது. இந்தக் கட்டுரை பேசுவது டார்க் கன்வெர்ட்டர் உள்ள வகையைப் பற்றி. ஹைலக்ஸிலும் வி-கிராஸிலும் வரும் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் இந்த வகை.

இதில் எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவே இரும்புத் தொடர்பு கிடையாது, ஆயில்தான் தொடர்பு. எதிரெதிரே வெச்ச ரெண்டு ஃபேனில் ஒன்றை ஓடவிட்டா, அந்தக் காற்றில் இன்னொன்றும் சுத்தும் இல்லையா? காற்றுக்குப் பதிலா ஆயில் என்று நினைச்சுக்கோங்க. ஜெர்மனிக்காரர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினது கப்பலுக்காக. நிலத்து வண்டிகளுக்கு வந்தது அப்புறம்தான்.

அந்த ஆயிலுக்குப் பெயர் ஏடிஎஃப். அது செய்யும் வேலைகளைப் பாருங்க: எஞ்சின் சக்தியைக் கடத்துது, கிளட்ச் பேக்குகளை அழுத்திப் பிடிக்குது, பேரிங்குகளுக்கு உயவு கொடுக்குது, சூட்டை அள்ளிக்கிட்டுப் போய் கூலரில் கொட்டுது. நாலு வேலைக்கும் ஒரே ஆள். அந்த ஆள் களைச்சுப் போனா நாலும் சேர்ந்து கெடும்.

சூடு எங்கிருந்து வருது?

ஒரு கணக்கு போடுவோம். சுமையோடு 3 டன் எடையுள்ள பிக்கப். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில் 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஏறுது.

ஏற்றத்துக்கு மட்டும் தேவையான சக்தி: 3000 × 9.8 × 0.08 × 11.1 = சுமார் 26 கிலோவாட். டயர் உருளும் எதிர்ப்பு, காற்று ரெண்டுக்கும் இன்னும் 6. ஆக சக்கரத்தில் 32 கிலோவாட் வேணும். கியர் இழப்பையும் சேர்த்தால் கன்வெர்ட்டரை விட்டு வெளியே வர வேண்டியது 34. கன்வெர்ட்டர் லாக் ஆகாம, 85 சதவீதத் திறனில் ஓடுதுன்னு வெச்சுக்குவோம். அப்போ எஞ்சின் கொடுக்க வேண்டியது 40 கிலோவாட். இடையில் காணாமப் போன 6 கிலோவாட் முழுக்க ஆயிலுக்குள் சூடா இறங்குது. வீட்டில் இருக்கும் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் மூன்றை ஒண்ணா ஆயிலுக்குள் போட்ட மாதிரி.

ஆயில் 8 கிலோ, அதன் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு டிகிரிக்கு சுமார் 2 கிலோஜூல். கூலர் வேலையே செய்யலைன்னா நிமிஷத்துக்கு 22 டிகிரி ஏறும். அஞ்சு நிமிஷத்தில் கதை முடிஞ்சிரும். கூலர் எவ்வளவு முக்கியம்னு இப்போ புரியுதா?

இன்னும் மோசமான நிலை ஒண்ணு இருக்கு. கண்மாய்ச் சேற்றில் வண்டி மாட்டிக்கிச்சு. சக்கரம் அசையலை, நீங்க ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீங்க. எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் 250 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் அது 52 கிலோவாட். வெளியே ஒரு வேலையும் நடக்கலை, அத்தனையும் சூடு. பத்து செகண்டில் 33 டிகிரி ஏறிரும். சரிவில் பிரேக் போடாம ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சு வண்டியைப் பிடிச்சு நிறுத்தும் பழக்கமும் இதே வகைதான், அளவு மட்டும் கம்மி.

பத்து டிகிரி கணக்கு

சரி, சூடானா என்ன? இங்கேதான் கெமிஸ்ட்ரி வருது. ஆயில் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து கெடும் வேகம், ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். ஒர்க்ஷாப்புகளில் சொல்லும் இந்தக் கைக்கணக்குப்படி, 80 டிகிரியில் ஓடும் ஆயிலுக்கு ஆயுள் 1,60,000 கி.மீ. என்று எடுத்துக்கிட்டா:

90 டிகிரியில் – 80,000 கி.மீ.
100 டிகிரியில் – 40,000 கி.மீ.
110 டிகிரியில் – 20,000 கி.மீ.
120 டிகிரியில் – 10,000 கி.மீ.

இது கைக்கணக்குதான். இன்றைய சிந்தெடிக் ஆயில்கள் இதைவிட நல்லாத் தாங்கும். ஆனா போகும் திசை மாறாது. இதன் பின்னால் இருப்பது அர்ரீனியஸ் சமன்பாடு. 80-லிருந்து 90 டிகிரிக்கு வேகம் இரட்டிக்கணும்னா கிளர்வு ஆற்றல் மோலுக்கு சுமார் 74 கிலோஜூல் வரும். செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறக்காம நீங்களே போட்டுப் பாருங்க. அதே மதிப்பை வெச்சு 80-க்கும் 120-க்கும் கணக்குப் போட்டா 16 மடங்குக்குப் பதில் 13 மடங்கு வரும். கைக்கணக்குக்கும் சமன்பாட்டுக்கும் இவ்வளவுதான் வித்தியாசம். ஸ்வாண்டே அர்ரீனியஸ் 1903-ல் வேதியியல் நோபல் வாங்கியது மின்பகுளிகள் பற்றிய கொள்கைக்காக. நம்ம ஊர் சிக்ரி 1953-லிருந்து வேலை செய்யும் மின்வேதியியல் துறைக்கு அவரும் ஒரு மூத்தவர்தான்.

கெட்டுப்போன ஆயில் அமிலமாகவும் வார்னிஷ் மாதிரி பிசினாகவும் மாறுது. அந்தப் பிசின் வால்வ் பாடிக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளில் ஒட்டுது. ரப்பர் சீல்கள் இறுகுது. அழுத்தம் குறையுது, கிளட்ச் ஸ்லிப் ஆகுது. ஸ்லிப் ஆனா இன்னும் சூடு, இன்னும் சூடானா ஆயில் இன்னும் சீக்கிரம் கெடும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் பாசிட்டிவ் ஃபீட்பேக் படிச்சோமே, அதேதான். இந்தச் சுழல் ஆரம்பிக்காம பாத்துக்கறதுதான் ஆயுளை நீட்டிக்கும் வித்தை.

'ரீமேப்' ஆசை

வண்டியை வாங்கின கையோடு ஈசியூவை ரீமேப் செய்து டார்க்கைக் கூட்டுவோர் உண்டு. அதுக்கு முன்னாடி ஒரு விவரம். இந்தியாவில் 2022-ல் வந்த ஹைலக்ஸில் ஒரே 2.8 லிட்டர் டீசல் எஞ்சின்தான். ஆனா மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. கியர்பாக்ஸைப் பொறுத்துத்தான் கம்பெனியே டார்க்கை நிர்ணயிக்குதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

கிளட்ச் பேக் தாங்கும் டார்க் = உராய்வு எண் × உராயும் பரப்புகளின் எண்ணிக்கை × அழுத்தும் விசை × சராசரி ஆரம். உதாரணத்துக்கு 0.12 × 10 × 8000 × 0.06 = 576 நியூட்டன் மீட்டர். இது நாம எடுத்துக்கிட்ட எண்கள்தான், எந்த வண்டியுடையதும் இல்லை. 500-க்கு இது தாராளம். ரீமேப்பில் 25 சதவீதம் கூட்டினா 625. கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும். வெறும் 50 ஆர்பிஎம் நழுவினாலே 3 கிலோவாட் சூடு, அதுவும் காகிதம் மாதிரி மெல்லிய லைனிங் மேல. பெரிய டயர் மாட்டுவதும் இதே பக்கம்தான் இழுக்கும்: ஒவ்வொரு கியரும் உயர்ந்த கியர் மாதிரி ஆகி, அதே ஏற்றத்துக்குக் கியர்பாக்ஸ் கூடுதல் டார்க் சுமக்கணும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

1. ஆயில் மாற்றம். 'வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று சொல்லப்படும் கியர்பாக்ஸ்கள் உண்டு. யாருடைய வாழ்நாள் என்பதுதான் கேள்வி. அமெரிக்க ராம் 1500 டிரக்குகளிலும் பல சொகுசு கார்களிலும் இருக்கும் 8எச்பி வகையை வடிவமைத்த இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 வருஷத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்லுது. உங்க வண்டி மேனுவலில் கடுமையான பயன்பாடு என்று ஒரு தனி அட்டவணை இருக்கும். நம்ம வெயில், சுமை, மலைப்பாதை மூணும் சேர்ந்தா அந்த அட்டவணைதான் உங்களுக்கு.

2. ஒரு தடவை வடிச்சா பாதி கூட மாறாது. கன்வெர்ட்டருக்குள் இருப்பது வடியாது. ஒவ்வொரு தடவையும் 40 சதவீதம் மாறுதுன்னு எடுத்துக்கிட்டா, மூணு தடவைக்கு அப்புறமும் 0.6 × 0.6 × 0.6, அதாவது சுமார் 22 சதவீதம் பழைய ஆயில் உள்ளேயே இருக்கும்.

3. மேனுவல் சொன்ன ஆயில் மட்டும். எல்லா ஏடிஎஃப்பும் சிவப்பா இருக்கலாம். அது வெறும் சாயம். உராய்வை நிர்ணயிக்கும் சேர்மானம் வகைக்கு வகை வேறு. தப்பான ஆயில் ஊத்தினா லாக்-அப் ஆகும்போது வண்டி உதறும்.

4. அளவு. கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. கூடினா சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைஞ்சு நுரைக்க வைக்கும். குறைஞ்சா பம்ப் காற்றை இழுக்கும். ஆயில் எந்தச் சூட்டில் இருக்கும்போது அளவு பார்க்கணும்னு மேனுவலில் இருக்கும். அந்தச் சூட்டில்தான் பார்க்கணும்.

5. கூலர். செம்மண் புழுதியும் பூச்சியும் அடைச்ச ரேடியேட்டரை மிதமான தண்ணீரில் சுத்தம் செய்யுங்க. ரேடியேட்டருக்குள்ளேயே ஏடிஎஃப் கூலர் உள்ள வண்டிகளில், உள்ளே கசிவு வந்தா ஆயில் ரோஸ் மில்க் மாதிரி ஆயிரும். அதைப் பார்த்தா வண்டியை ஒரு அடி கூட ஓட்டாதீங்க. தண்ணீர் கிளட்ச் லைனிங்கின் பசையைக் கரைச்சிரும்.

ஓட்டும் கையில் இருக்கும் ஆயுள்

மலை ஏறும்போது மேனுவல் மோடில் ஒரு கியர் குறைச்சு, ஆர்பிஎம்மைக் கொஞ்சம் கூட வெச்சு ஓட்டுங்க. லாக்-அப் கிளட்ச் பிடிச்சு நிற்க வாய்ப்பு அதிகம். அப்போ நாம பார்த்த 6 கிலோவாட்டில் பெரும்பகுதி மறைஞ்சிரும். இறங்கும்போதும் கீழ் கியர்தான். நியூட்ரலில் உருட்டிக்கிட்டு இறங்கினா எஞ்சின் பிரேக்கிங் போயிரும், மொத்தப் பாரமும் பிரேக் மேல விழும். கொண்டை ஊசி வளைவில் அது உயிர் விஷயம்.

ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும் முன் வண்டி முழுசா நிக்கணும். பார்க் செய்யும்போது முதலில் பிரேக்கை மிதிச்சு நியூட்ரல், அப்புறம் ஹேண்ட் பிரேக், கடைசியில் 'பி'. இல்லைன்னா 3 டன்னையும் ஒரு சின்ன இரும்பு நாக்கு தாங்கிக்கிட்டு நிக்கும்.

சூடு எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா உடனே எஞ்சினை நிறுத்தாதீங்க. ஓரமா நிறுத்தி, 'பி'-யில் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்க. எஞ்சின் ஓடினாத்தான் பம்ப் ஓடும், பம்ப் ஓடினாத்தான் ஆயில் கூலருக்குப் போகும். எஞ்சின் கூலன்ட் முள்ளும் சிவப்பைத் தொட்டிருந்தா மட்டும் மேனுவல் சொல்லும் முறைப்படி நடந்துக்கோங்க. இதே காரணத்தால்தான் பழுதான ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. சக்கரம் சுத்தும், பம்ப் சுத்தாது, உள்ளே எல்லாம் வறண்டு உராயும். நாலு சக்கரமும் தரையில் படாம ஏற்றிப் போகும் வண்டியைக் கூப்பிடுங்க.

மினி புராஜெக்ட் தேடுபவர்களுக்கு

ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு இருந்தா, பல வண்டிகளில் ஏடிஎஃப் வெப்பநிலையை நேரடியாக மொபைலில் படிக்கலாம். காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் வரை நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் பதிவு செய்யுங்க. போகும்போது 'டி'-யில், இன்னொரு நாள் அதே சுமையோடு மேனுவல் மோடில். ரெண்டு கிராஃபையும் அடுத்தடுத்து வெச்சு, ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பத்து டிகிரி கணக்குப்படி ஆயில் எவ்வளவு தேஞ்சதுன்னு கூட்டிப் பாருங்க. வண்டி ஓட்டுபவர் ஒருத்தர், ரீடிங் எடுப்பவர் வேறொருத்தராக இருக்கணும், அதில் சமரசம் வேண்டாம்.

சொந்தமா டிரக் இல்லைன்னாலும் பரவாயில்லை. உங்க தெருவில் யாராவது வெச்சிருப்பாங்க. அந்த கிராஃபை அவங்ககிட்ட காட்டினா, அடுத்த ஆயில் சர்வீஸைத் தள்ளிப்போட மாட்டாங்க.