பட்டை விழுந்தால் போதாது

அன்புள்ள கவிதா,

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா ஆய்வகத்துக்குப் போய்வரத் தொடங்கிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. வெஸ்டர்ன் பிளாட்டில் ஆன்டிபாடி காட்டும் பட்டை சரியான இடத்தில் தெரிந்தால் அது நாம் தேடும் புரதம்தான் என்று நம்பலாமா என்று கேட்டிருந்தாய். நம்பாதே.

நீ ஆராயும் அழற்சிச் சமிக்ஞையின் நடுநாயகம் என்எஃப்-கப்பா பி என்ற புரதம். 1986-இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டறிந்தது. அமைதியாக இருக்கும் செல்லில் ஐ-கப்பா பி ஆல்ஃபா என்ற புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா செல்களுக்கு, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் ஆல்ஃபா கொடுத்துப் பார். கால் மணி நேரத்தில் அந்தக் காவல் புரதம் பெரும்பாலும் சிதைந்துவிடும். விடுபட்ட என்எஃப்-கப்பா பி உட்கருவுக்குள் போகும். அங்கே அது முடுக்கிவிடும் மரபணுக்களில் ஒன்று, தன்னைக் கட்டிவைத்திருந்த ஐ-கப்பா பி ஆல்ஃபாவின் மரபணுதான்! அதனால் ஒரு மணி நேரத்தில் காவல் மறுபடி வந்துவிடும்.

இதையே சோதனையாக்கு. 0, 15, 30, 60 நிமிட மாதிரிகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டு. ஏறக்குறைய 39 கிலோ டால்டனில் காவல் புரதத்தின் பட்டை இருந்து, மறைந்து, திரும்ப வர வேண்டும். நான்கிலும் ஒரே அழுத்தமாக நின்றால் முதலில் டிஎன்எஃப் வேலை செய்ததா என்று பார். செய்திருந்தால், உன் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது. ஐ-கப்பா பி ஆல்ஃபாவின் மரபணுவையே நீக்கிய செல்களிலும் ஓட்டு. அங்கும் பட்டை விழுந்தால் அந்த ஆன்டிபாடிக் குப்பியை ஒதுக்கிவிடு. என்எஃப்-கப்பா பி-யின் அங்கமான பி65-இல் பாஸ்பேட் ஏறிய வடிவத்துக்கான ஆன்டிபாடி என்றால், மாதிரியில் பாஸ்பட்டேஸ் நொதி சேர்த்ததும் பட்டை அழிய வேண்டும்.

நீ போகும் ஓசூர் சாலையில்தான் பயோகான் இருக்கிறது. சிடி6 புரதத்தைப் பிடிக்கும் இடோலிசுமாப் ஆன்டிபாடியை 2013-இல் சொரியாசிஸ் மருந்தாகக் கொண்டுவந்தார்கள். 2020 ஜூலையில் கொரோனா நோயாளிகளின் சைட்டோகைன் புயலுக்கும் அவசர அனுமதி கிடைத்தபோது, ஆய்வில் இருந்தவர்கள் 30 பேர்தானே என்று மருத்துவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஆய்வகக் குப்பியை அப்படிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அதை நம்பி வெளியாகும் கட்டுரைகளின் மேல்தான் நாளைய மருந்துகளும் எழுகின்றன.

நோட்டில் லாட் நம்பரை மறக்காமல் எழுது. முயல் ரத்தத்திலிருந்து எடுத்த பாலிகுளோனல் என்றால் லாட்டுக்கு லாட் மாறும்; புதியதைப் பழையதோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்து. அடுத்த கடிதத்தோடு உன் முதல் பிளாட்டை, ஓரம் வெட்டாமல் முழுதாக அனுப்பு.

அன்புடன்,
மாமா