மழை நாளுக்கு ஒரு மீன் காளான் சூப்பு



பேராக்கில் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பிங் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் "வருசம் பூரா மழைதாங்க" என்பார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், செம்பனைக் காட்டில் நனைந்து, மத்தியானம் வீடு திரும்பும்போது கைகால் விறைத்துப் போயிருக்கும். வாய்க்குச் சூடாக எதையாவது குடித்தால் தேவலை என்று தோன்றும். அப்போது பலரும் கோப்பி குடிப்பார்கள், அல்லது மேகி மீ கிண்டிச் சாப்பிடுவார்கள். கோப்பியில் சீனி அதிகம். மீ பாக்கெட்டில் இருக்கும் தூளில் உப்பு அதிகம். இரண்டிலும் உடம்பு வளர்க்கும் சத்து கொஞ்சந்தான்.

ஆகவே இந்த முறை, வயிற்றுக்குப் பாரமில்லாத, உடம்புக்குச் சூடு தரும் ஒரு சூப்பைக் கற்றுக்கொள்வோம். மீன், இறால், நெத்திலி, காளான், நம் வீட்டு இஞ்சி மிளகு, இவ்வளவுதான் சரக்கு. சூப்போடு சேர்த்து உயிர் காக்கும் பாடம் ஒன்றும் இருக்கிறது. அதையும் பொறுமையாகப் படியுங்கள்.

தேவையான சாமான்கள் (ஐந்து பேருக்கு)

ஓடு உரிக்காத இறால் 200 கிராம். கொடுவா போன்ற வெள்ளைச் சதை மீன் 250 கிராம். சிப்பிக் காளான் 200 கிராம். நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி. இரண்டு அங்குல இஞ்சி, பூண்டு ஆறு பல், சின்ன வெங்காயம் ஆறு. செரை ஒரு தண்டு. மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை. ஒரு எலுமிச்சங்காய், கொத்தமல்லித் தழை, ஒரு தேக்கரண்டி எண்ணெய், தண்ணீர் ஒன்றரை லிட்டர்.

மீன் வாங்கும்போது கண்ணைப் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை மேலே எழும்ப வேண்டும், குழி விழுந்தால் வேண்டாம். இறாலின் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். நெத்திலிக்குப் பங்கோர் தீவு பேர்போனது. ஈப்போ சந்தையில் தாராளமாகக் கிடைக்கும்.

அந்தக் காலத்தில் லயத்துக்கு மீன்காரர் வண்டியில் கொண்டுவந்து ஹாரன் அடித்தால்தான் பச்சை மீன். மற்ற நாளெல்லாம் கருவாடுதான். இன்று தாமானில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும் மோட்டார் சைக்கிளில் போய் வாங்கிவிடுகிறோம். ஆனால் வாங்கிய மீனை வண்டிக் கூடையில் வைத்துக்கொண்டு, ரெண்டு மூணு கடை ஏறி இறங்குகிறோமே, அதுதான் தப்பு. மீனைக் கடைசியாக வாங்குங்கள், ஐஸ் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், நேராக வீட்டுக்கு வாருங்கள்.

செய்முறை

1. நெத்திலியைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். இதனால் உப்பு கொஞ்சம் குறையும்.

2. இறாலின் தலையையும் ஓட்டையும் உரித்துத் தனியே வையுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ருசி முழுவதும் அதில்தான். சதையின் முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை எடுத்துவிடுங்கள்.

3. சட்டியில் எண்ணெய் விட்டு, தலையையும் ஓட்டையும் சிவக்க வதக்குங்கள். தண்ணீர் ஊற்றி, நெத்திலி, நசுக்கிய செரை போட்டு இருபது நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு வடிகட்டுங்கள்.

4. இஞ்சி, பூண்டு, வெங்காயம், மிளகு, சீரகத்தை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டி, மஞ்சளோடு வடித்த தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள்.

5. காளானைத் தண்ணீரில் ஊறப்போடாமல் சட்டென்று அலசி, கையால் கிழித்துப் போடுங்கள். அது ஐந்து நிமிடம் வேகட்டும்.

6. மீன் துண்டுகளைப் போட்டு நாலைந்து நிமிடம். கடைசியில் இறால், இரண்டு மூன்று நிமிடம். இறால் சிவந்து சுருண்டு, உள்ளே வெள்ளையாக வெந்திருந்தால் போதும். அதற்கு மேல் வேகவைத்தால் கித்தாத் துண்டை மெல்வது போல இருக்கும்!

7. அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும். இப்போதுதான் உப்புப் பார்க்க வேண்டும். நெத்திலியில் இருக்கும் உப்பே பெரும்பாலும் போதுமானது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்கும் குறைவு, அதாவது 5 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கெராங் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம். ஆனால் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து, ரத்தம் சொட்டச் சொட்டச் சாப்பிடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சேற்றில் வாழும் சிப்பி, அழுக்குத் தண்ணீரில் உள்ள கிருமியையும் சேர்த்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும். 1988-ஆம் ஆண்டு சீனாவின் ஷங்ஹாய் நகரில் சரியாக வேகாத சிப்பியைத் தின்று ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்கு மஞ்சட் காமாலை கண்டது. கெராங்கை நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் வாய் திறக்கும்வரை, திறந்த பிறகும் சில நிமிடம், வேகவையுங்கள். வாய் திறக்காததை எறிந்துவிடுங்கள்.

காளான் விஷயத்தில் கவனம்!

இதுதான் நான் முதலில் சொன்ன உயிர் காக்கும் பாடம்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு காளான் பொறுக்கப் போவது நம் தோட்டத்துப் பழக்கம். சாய்ந்து கிடக்கும் கித்தாக் கட்டையில் பூக்கும் சின்னக் காளானையும், புற்றுக் காளானையும் நம் பெரியவர்கள் பார்த்ததும் அடையாளம் சொல்வார்கள். அந்தக் கண் எல்லோருக்கும் வாய்க்காது. அந்தத் தோட்டங்களே பல இடங்களில் இன்று இல்லை. தாமானுக்குக் குடிவந்த பிள்ளைகள் திடலில் குடைபோல வெள்ளையாக முளைத்ததைப் பார்த்து, "பாட்டி கறி வைப்பாங்களே, அதுதாம்மா இது" என்று பிடுங்கி வருகிறார்கள். புல்வெளியில் அப்படி முளைப்பதில் நஞ்சுக் காளானும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான்.

நம்மிடையே சில நம்பிக்கைகள் உண்டு. வெள்ளிக் காசைப் போட்டுக் கொதிக்க வைத்தால் நஞ்சு இருந்தால் கறுக்கும் என்பார்கள். பூண்டு போட்டுப் பார், அரிசி போட்டுப் பார் என்பார்கள். பூச்சி தின்ற காளானை நாமும் தின்னலாம் என்பார்கள். இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. கொடிய காளானின் நஞ்சு எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சில காளான் தின்ற இரண்டு மூன்று மணி நேரத்திலேயே வாந்தி வரும். ஆனால் உயிரைக் குடிக்கும் காளான் உடனே காட்டாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு ஒரு நாள் குணமானது போல இருக்கும். "சரியாப் போச்சு, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று வீட்டில் இருந்துவிடுவோம். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே காட்டுக் காளான் தின்றவருக்கு வாந்தி வந்தால், எத்தனை மணி நேரம் ஆகியிருந்தாலும், அரசாங்க மருத்துவமனைக்கு உடனே போங்கள். மிச்சமிருக்கும் காளானையோ கறியையோ கையோடு எடுத்துப் போங்கள். அதே சட்டியில் சாப்பிட்ட எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்படியானால் காளானே வேண்டாமா? வேண்டும். கடையில் விற்கும் சிப்பிக் காளானைப் பயமில்லாமல் வாங்குங்கள். அதில் நமக்கு ஒரு உறவும் உண்டு. 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய கித்தா மரந்தான் நம் பாட்டன் பூட்டனுக்குப் பிழைப்புத் தந்தது. பால் வற்றி வெட்டிய அந்த மரத்தின் தூளைப் பையில் அடைத்துத்தான் நம் நாட்டில் சிப்பிக் காளான் வளர்க்கிறார்கள். மரம் போன பிறகும் அதன் தூள் நமக்குச் சோறு போடுகிறது.

யார் யார் பார்த்துச் சாப்பிட வேண்டும்?

இறால், சிப்பி சாப்பிட்டு உடம்பு தடித்தவர்கள், உதடு வீங்கியவர்கள் இந்தச் சூப்பைத் தொடக்கூடாது. யூரிக் ஆசிட் கூடி கால் பெருவிரல் வீங்குகிறவர்கள் நெத்திலியையும் இறாலையும் விட்டு, காளானை அளவாகப் போட்டு, கொஞ்சம் மீனோடு செய்யலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நெத்திலியைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முள் பார்த்துக் கொடுங்கள். மிஞ்சியதை ஆறியதும் ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடித்து முடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சூப்பு உணவுதான், மருந்தல்ல. சளிக்கும் களைப்புக்கும் இதமாக இருக்கும். ஆனால் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காய்ச்சலோடு உடம்பு வலியும் சேர்ந்தால் டெங்கியாக இருக்கலாம். "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். கிளினிக்குக்குப் போய் ரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் காட்டில் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகு சூப்பைச் சூடாகக் குடிக்கலாம்.