‘ஆய்வில் நிரூபணம்’ என்றால் போதுமா?

எங்கள் உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். சென்ற வருடம் ஒரு நாள், காலைக் குளிசையைப் போடாமல் ஏதோ ஓர் இலைச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டபோது, “ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்களாம் மகள்” என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டினார். அதில் பெரிய எழுத்தில் ஒரு சதவீதம் இருந்தது. எத்தனை பேரில் அந்தச் சதவீதம் என்பது மட்டும் இல்லை.

நிகழ்தகவு என்பது பரீட்சைக்கு மட்டுமான பாடமல்ல என்பதை அன்று உணர்ந்தேன்.

புள்ளிவிபரம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 2015ஆம் ஆண்டு, கறுப்புச் சொக்லேட் உண்டால் உடல் எடை வேகமாகக் குறையும் என்ற செய்தி பல நாடுகளில் வெளியானது. அந்த ஆய்வு ஜேர்மனியில் நடந்தது. சில வாரங்களில், அதை நடத்திய ஜோன் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் உண்மையைச் சொன்னார். பலவீனமான ஆய்வும் எவ்வளவு எளிதில் செய்தியாகிறது என்பதைக் காட்டவே அவர் அதைச் செய்திருந்தார்.

எண்கள் எதுவும் இட்டுக்கட்டப்பட்டவை அல்ல. பிழை வேறிடத்தில் இருந்தது. வெறும் 15 பேரிடம், எடை, கொலஸ்ட்ரோல், தூக்கம் என 18 விடயங்களை அளந்தார்கள்.

ஆய்வாளர்கள் பொதுவாக 5 சதவீத எல்லையொன்றை வைத்திருப்பார்கள். உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோது, இப்படியொரு வித்தியாசம் தற்செயலாகத் தோன்றும் நிகழ்தகவு அதைவிடக் குறைவாயின், முடிவை ஏற்கத்தக்கதெனக் கொள்வார்கள். இதைப் பலர் “95 சதவீதம் உண்மை” என்று விளங்கிக்கொள்கிறார்கள். அது தவறு.

ஓர் அளவீட்டில் தற்செயலிடம் ஏமாறாதிருக்கும் நிகழ்தகவு 0.95. 18 அளவீடுகளும் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், எல்லாவற்றிலும் ஏமாறாதிருக்கும் நிகழ்தகவு 0.95இன் 18ஆம் அடுக்கு. அதாவது ஏறக்குறைய 0.40. எனவே ஒன்றிலாவது பொய்யான முடிவு கிடைக்கும் நிகழ்தகவு 0.60! பதினெட்டுத் தூண்டில்களைப் போட்டுவிட்டு, மீன் கொத்திய தூண்டிலை மட்டும் காட்டுவது போன்றது இது.

ஆகவே சகோதரிகளே, பெற்றோர்களே, ‘ஆய்வில் நிரூபணம்’ என்று கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? யாருடன் ஒப்பிட்டார்கள்? எத்தனை விடயங்களை அளந்து இதை மட்டும் சொல்கிறார்கள்? இரண்டாவது கேள்வி மிக முக்கியம். குளிசையும் சாறும் சேர்த்து எடுத்தவருக்குச் சீனி குறைந்தால், குறைத்தது எது?

அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் விடயத்தைச் சொன்னோம். தன்னைக் கேட்காமல் குளிசையை நிறுத்தக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். உம்மம்மா இப்போது ஒழுங்காகக் குளிசை போடுகிறார். வட்ஸ்அப் செய்திகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பகிர முன்னர் என்னைக் கூப்பிட்டு, “இது எத்தனை பேர்ட பார்த்ததாம் மகள்?” என்று கேட்கிறார்.