ஹார்டு டிஸ்க்கில் இடம் குறைகிறதா? இருப்புக் கணக்கு எடுங்கள்!



2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின்கீழ் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றப்பட்டிருந்தது. பிள்ளைகளின் படிப்பு முடிந்து, அத்தகைய கணினி கடைக் கணக்குக்கு வந்துவிட்டால், "வாங்கிய அளவு இடம் காணோமே" என்ற சந்தேகம் எழுவது இயற்கை. புது டிஸ்க் வாங்குமுன், குடோன் சரக்கைச் சரிபார்ப்பது போல் வரிசையாகப் பார்ப்போம்.

1. படி வித்தியாசம்: டிஸ்க் தயாரிப்பாளருக்கு 1 ஜி.பி. என்பது 100 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அது சுமார் 107 கோடி பைட். ஆகவே 500 ஜி.பி. டிஸ்க் விண்டோஸில் 465 என்றே தெரியும். 320 என்பது 298 ஆகும். லினக்ஸின் 'டிஸ்க்ஸ்' என்னும் செயலி அதையே 500 என்று காட்டும். சின்னப் படி, பெரிய படி வித்தியாசம்தான், சரக்கு குறையவில்லை.

2. தடுப்புச் சுவர்: ஒரே குடோனைச் சுவர் வைத்து இரண்டாக்குவது போல டிஸ்க்கையும் பார்டிஷன்களாகப் பிரிக்கிறார்கள். லினக்ஸ் இருக்கும் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. சில சமயம் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்றுகூடக் கேட்கும். ஆம் என்று அழுத்தினால் உள்ளே இருப்பது போய்விடும். எச்சரிக்கை!

3. ஒதுக்காத இடம்: 500 ஜி.பி. டிஸ்க்கை அப்படியே 1 டி.பி. டிஸ்க்குக்கு நகல் எடுத்தால், பார்டிஷன் பழைய அளவிலேயே நிற்கும். மீதி எந்தப் பகுதியிலும் சேராமல் கிடக்கும். 'டிஸ்க்ஸ்' செயலியில் அது வெற்றிடமாகத் தெரியும்.

4. முன் ஒதுக்கீடு: லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்-4 அமைப்பு, பகுதியில் 5 சதவீதத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். 400 ஜி.பி.யில் 20 ஜி.பி. இப்படி நிற்கும். டிஸ்க் நிரம்பினாலும் கணினி முடங்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. லினக்ஸ் இயங்கும் பகுதியில் இதைத் தொடாதிருப்பதே நல்லது.

5. அழித்தும் போகாதவை: அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் இருக்கும்வரை இடம் திரும்பாது. பென் டிரைவில் அழித்ததும் அந்த டிரைவிலேயே மறைந்திருக்கும். ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால், அந்தப் புரோகிராமை மூடும்வரை இடம் விடுபடாது. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் தீரும்.

முதலில் 'டிஸ்க்ஸ்' செயலியில் மொத்த அளவையும் ஒவ்வொரு பகுதியின் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கு இடித்தால் ஒதுக்காத இடம் இருக்கிறது என்று பொருள். கூட்டல் சரியாக இருந்தும் இடம் போதவில்லையென்றால், 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' செயலியைத் திறந்தால் எந்த ஃபோல்டர் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது தெரியும். பழைய படங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

பார்டிஷனைப் பெருக்கவோ குறைக்கவோ வேண்டுமானால், முதலில் கணக்குகளை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகல் இன்னொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் பகுதி முழுவதும் கெடக்கூடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாப்பது நம் பொறுப்பு. டிஸ்க்கைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். போன கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.