தைராய்டு புற்றுநோய்: இம்யூனோதெரபி யாருக்கு?

நுரையீரல் புற்றுநோயில் இம்யூனோதெரபி பலரைக் காப்பாற்றுவதைப் பார்த்து, "எங்களுக்கும் அந்த ஊசியே போடுங்க டாக்டர்" என்று தைராய்டு நோயாளியின் வீட்டார் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் தைராய்டில் பெரும்பாலோருக்கு அது முதல் மருந்து அல்ல.

மிகுதியாக வருவது பாப்பில்லரி வகை. அதற்கு அறுவை சிகிச்சையும், தேவைப்பட்டால் ரேடியோ அயோடினும் போதும்.

அயோடினுக்கு அடங்காமல் நோய் பரவினால் முதலில் மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். 'ரெட்' மாற்றம் இருந்தால் செல்பெர்காட்டினிப், 'என்டிஆர்கே' இணைவு இருந்தால் லாரோட்ரெக்டினிப். இரண்டும் வாய்வழி உட்கொள்ளும் மருந்துகள். மெடுல்லரி என்னும் இன்னொரு வகையிலும் 'ரெட்' முடிவுதான் வழிகாட்டும். அயோடினுக்கு அடங்காத நோயில் இந்த மாற்றங்கள் எதுவும் இல்லையென்றால் லென்வாட்டினிப். 2015-இல் வெளியான ஆய்வில் அது நோயைச் சராசரியாக 18.3 மாதங்கள் கட்டுக்குள் வைத்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.6 மாதங்கள்தான். ரத்த அழுத்தம் ஏறும், வயிற்றுப்போக்கு படுத்தும், பலருக்கு அளவைக் குறைக்க வேண்டிவரும். இதே நிலையில் பெம்ப்ரோலிசுமாப் என்னும் இம்யூனோதெரபி ஊசியை மட்டும் பெற்ற 22 பேரில் கட்டி கணிசமாகச் சுருங்கியது 2 பேருக்கே. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் அதை முதலில் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வராது.

அனாபிளாஸ்டிக் வகையின் கதை வேறு. கழுத்துக் கட்டி வாரக்கணக்கில் பெருத்து மூச்சை அடைக்கும்; முன்பெல்லாம் சில மாதங்களே கெடு. இங்கே 'பிராஃப் வி600இ' முடிவை அவசரமாகக் கேளுங்கள். மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் ஜோடி. அமெரிக்கா 2018-இல் அனுமதித்தது. இம்யூனோதெரபிக்கு உண்மையான இடமும் இங்கேதான். ஸ்பார்டலிசுமாபைத் தனியாகப் பெற்ற 42 பேரில் 19 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. பிராஃப் மாற்றம் உள்ளவர்களுக்கு இலக்கு மருந்துகளோடு அட்டிசோலிசுமாபையும் சேர்த்துக் கொடுத்தபோது ஆயுள் சராசரியாக 43 மாதங்களைத் தொட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் 18 பேர்தான் என்றாலும், இந்த நோயில் இது பெரிய நம்பிக்கை.

எந்த வகையானாலும், கட்டியில் மரபணு மாற்றங்களின் அளவு (டிஎம்பி) 10 அல்லது அதற்கு மேல் இருந்து, மற்ற மருந்துகள் கைவிட்டால் பெம்ப்ரோலிசுமாபைப் பரிசீலிக்கலாம்.

இம்யூனோதெரபியால் தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் சொந்த நுரையீரலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கக்கூடும். முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோயோ மாற்றுச் சிறுநீரகமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு மூச்சுத்திணறலோ விடாத வயிற்றுப்போக்கோ வந்தால் அடுத்த தவணைவரை காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

விலை உயர்ந்த ஊசிக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுமுன், பயாப்சித் திசுவில் பிராஃப், ரெட், என்டிஆர்கே, டிஎம்பி நான்கையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.