மெல்லிய அலகு, குறைந்த உழைப்பு: வீட்டுக்கேற்ற கத்தியைத் தெரிந்தெடுக்கும் முறை

கித்தா மரம் சீவுவோருக்குக் கூரின் அருமையைப் பற்றி எவரும் பாடம் புகட்ட வேண்டியதில்லை. உளி மழுங்கினால் பட்டை சீராகச் சீவப்படாமல் கிழியும். ஆழம் தவறி மரத்திற் காயம் விழும். ஆகவே, உளியைத் தீட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்படுவது தோட்டத்து வழக்கம். மரத்துக்குக் காட்டும் இந்த அக்கறையை நாம் நம் சமையற்கட்டுக்குக் காட்டுகின்றோமா? தேங்காய் உடைக்கவும், மீன் அரியவும், பூசணி பிளக்கவும், வெங்காயம் நறுக்கவும் ஒரே பாராங்கைப் பயன்படுத்தும் வீடுகள் பலவுண்டு.

இதன் விளைவை நான் கண்டிருக்கின்றேன். 1970களில் நாங்கள் குடியிருந்த லயத்தில், பால்வெட்டுத் தொழிலாளியான தாயொருவர் மாலை வேளையில் பாராங்கினாற் பூசணிக்காயை நறுக்கினார். தடித்த அலகு காயின் நடுவே இறுகிச் சிக்கிக்கொண்டது. அவர் முழுப் பலத்தையும் கொடுத்து அழுத்தவே, காய் திடீரெனப் பிளந்தது. கத்தி வழுக்கி இடக்கை விரலிற் பாய்ந்தது. புண் ஆறியது, ஆயினும் தசைநார் அறுபட்ட விரல் மீண்டும் மடங்கவில்லை. உளியைச் சரிவரப் பிடிக்க இயலாத அவர், கூலி குறைந்த புல் பிடுங்கும் வேலைக்கு மாறினார். ஒரு கத்தியின் குறை ஒரு குடும்பத்தின் வருவாயையே குறைத்துவிட்டது.

மெல்லிய அலகு எளிதில் வெட்டுவது ஏன்?

கத்தி என்பது ஓர் ஆப்பு. வெட்டும்போது கத்தியின் வாய் பொருளுக்குள் வழி திறக்கின்றது. பின்தொடரும் அலகு அப்பொருளை இருபுறமும் விலக்குகின்றது. விலக்க வேண்டிய அளவு கூடக்கூட நாம் செலுத்தும் பலமும் கூட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இரு கத்திகளின் அலகும் 30 மில்லிமீட்டர் அகலம். முதுகின் தடிப்பு ஒன்றில் 2 மில்லிமீட்டர். மற்றதில் 5 மில்லிமீட்டர். முதுகிலிருந்து வாய்வரை சீராகச் சரிந்தால், முதற்கத்தி ஏறத்தாழ 4 பாகை ஆப்பு. இரண்டாவது ஏறத்தாழ 9½ பாகை ஆப்பு. இரண்டையும் ஒரே அளவு தீட்டினாலும், தடித்தது காரட்டை அறுப்பதில்லை. பாதி வழியில் அதைப் பிளந்துவிடுகின்றது. வெங்காயத்தை நசுக்குகின்றது, நசுங்கிய இடத்திலிருந்து கிளம்பும் காரம் கண்ணைக் கலக்குகின்றது.

ஆகவே முதுகின் தடிப்பை மட்டும் பார்த்தல் போதாது. வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியதாக உள்ளது என்பதே முதன்மையானது.

வேலைக்கேற்ற கத்தி

பாராங்கை நாம் குறைகூற வேண்டியதில்லை. லாரியின் வில் தகட்டிலிருந்து அடிக்கப்படும் பாராங் புதர் வெட்டவும், கிளை கழிக்கவும், இளநீர் சீவவும் ஏற்றது. ஓங்கி வெட்டும் அதிர்ச்சியைத் தாங்க அதற்குத் தடிப்பு வேண்டும். காய்கறி, பழம், எலும்பற்ற இறைச்சி ஆகியவற்றுக்கோ 1½ முதல் 2 மில்லிமீட்டர் முதுகுள்ள கத்தி போதும். ஆனால் இம்மெல்லிய கத்தியால் எலும்பை வெட்டுதல், தேங்காய் ஓட்டைத் தட்டுதல், உறைந்த மீனைப் பிளத்தல், டின் மூடியை நெம்புதல் ஆகியன கூடா. செய்தால் வாய் பல்லுப்பல்லாக உடையும்.

மடக்குக்கத்தி பைக்கு வசதியானதே. எனினும் அதன் மூட்டில் மீன் செதிலும் அழுக்கும் தங்கும். பூட்டில்லாதது விரல்மீது மடங்கவுங் கூடும். நாள்தோறும் அடுப்படியிற் புழங்குவதற்கு மடங்காத கத்தியே நன்று.

கடையிற் கவனிக்க வேண்டியவை

1. கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பிடியிலிருந்து நுனிவரை பாருங்கள். அலகு கோணலின்றி நேராக இருத்தல் வேண்டும்.

2. அலகு முதுகிலிருந்து வாயை நோக்கிப் படிப்படியாக மெலிய வேண்டும். கடைசிவரை தடித்திருந்து, விளிம்பில் மட்டும் சரிவாகச் சாணைபிடிக்கப்பட்டதை வாங்காதீர்கள்.

3. பிடிக்குள் நுழையும் இரும்பு பிடியின் கடைசிவரை சென்று, தறையாணிகளால் இறுக்கப்பட்டிருப்பது உறுதியானது. பிடியை அசைத்துப் பாருங்கள், ஆடினால் விலக்கிவிடுங்கள்.

4. ஈரக்கையில் வழுக்காத பிடியாக இருக்கட்டும். அழகிய பளபளப்பு ஆபத்துக்கு உதவாது.

5. கரி எஃகு எளிதிற் கூராகும். ஆனால் புளியும் எலுமிச்சையும் பட்டாற் கறுக்கும், ஈரத்திலே துருவேறும். குறைந்தது 10½ விழுக்காடு குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகுக்குப் பராமரிப்புக் குறைவு. கரி எஃகை வாங்கினால், கழுவியதும் துடைத்துத் துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

தீட்டும் முறை

நல்ல கத்தியும் தீட்டாவிடில் மழுங்கும். கல்லை நனைத்து, ஈரத்துணிமேல் அசையாது வையுங்கள். சமையற் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வு தகும். அலகு 3 சென்டிமீட்டர் அகலமானால், முதுகைக் கல்லிலிருந்து 8 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறத்தாழ 15 பாகை. 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் 20 பாகைக்குச் சற்றே குறைவு. அந்த உயரம் மாறாமல் தீட்டுங்கள். ஒருபுறம் தீட்டத் தீட்ட, மறுபுறத்தில் மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலை மெல்லத் தடவினால் அது தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டலாகாது. பிசிறு எழுந்ததும் மறுபுறத்தைத் தீட்டுங்கள். இறுதியில் மிக மென்மையாக இருபுறமும் மாறிமாறித் தீட்டிப் பிசிறை நீக்குங்கள். பின்னர் விளக்கொளியில் வாயை நோக்குங்கள். ஒளி மின்னும் இடம் இன்னும் மழுங்கலாயுள்ளது என்று பொருள்.

மின்சாரச் சாணையில் அழுத்தித் தீட்டுவது தீங்கு. சூடேறி எஃகு நீலம் பூத்தால், அவ்விடம் சுமார் 300 பாகை செல்சியசை எட்டியுள்ளது. அங்கே உறுதி தளர்ந்து கூர் நிலைக்காது.

எச்சரிக்கை

கூரான கத்தி ஆபத்தானது என்று கருதி மழுங்கியதை வைத்துக்கொள்வோர் உளர். மழுங்கிய கத்திக்கே மிகுந்த பலம் தேவை. பலம் மிகும்போதுதான் கை தவறுகின்றது. எனினும் கூரான கத்தியைக் குழந்தைகளுக்கு எட்டாத உறையில் வையுங்கள். அது கீழே விழுந்தாற் பிடிக்க முனையாதீர்கள், விலகி நில்லுங்கள்.

வெட்டுப்பட்டால் காப்பித்தூளோ சுண்ணாம்போ அப்பாமல், தூய துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். இரத்தம் நின்றதும் தூய நீரிற் கழுவுங்கள். இரத்தம் நில்லாவிட்டாலும், விரல் மடங்காவிட்டாலும், உணர்ச்சி குன்றினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அழுக்கான காயமானால் இரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.

வாங்கிய கத்தியை அட்டையிற் சுற்றி நேரே வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். சட்டப்படியான நோக்கமின்றிப் பொதுவிடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை நம் நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது என்பதை இளைஞர்கள் குறிப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அன்பர்களே! இன்று மாலை உங்கள் வீட்டுக் கத்தியை எடுத்து ஒரு தக்காளியின்மேல் வையுங்கள். அழுத்தாமல், மெல்ல இழுத்த மாத்திரத்தில் தோலை அறுக்கின்றதா? இல்லையெனில் முதலில் தீட்டுக்கல்லைத் தேடுங்கள். தீட்டியும் தக்காளியை அது நசுக்குமானால், அலகு தடித்தது என்று அறிந்து, மெல்லியதொன்றை வாங்குங்கள். நாள்தோறும் உங்களுக்காக உழைக்கும் கைகளுக்கு நீங்கள் செய்யும் சிறு மரியாதை அது.